தாத்தாவின் ஷெஃபீல்ட் பேனாக்கத்தி: பாலிஷ் போடலாமா, அப்படியே விடலாமா?

கோத்தகிரிப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். கத்தி சேகரிப்புக்கு நான் புதியவன். சொல்லப்போனால் இன்னும் சேகரிக்கவே தொடங்கவில்லை, கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். போன மாதம் ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டிக்குள், தோட்டத்து ஆள் கணக்கு எழுதும் ஒரு செக்ரோல் நோட்டுக்கும் பழைய பாஸ்போர்ட்டுக்கும் நடுவில், கைக்குட்டையில் சுற்றிய மடக்குக்கத்தி கிடைத்தது. தாத்தா இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு 1970களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரியில் வந்து தங்கிய குடும்பம் எங்களுடையது. அந்தப் பயணத்தில் என்னென்னவோ விட்டுப் போனதாகப் பாட்டி சொல்வார், இந்தக் கத்தி மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

மடக்கிய நிலையில் சரியாக 3 அங்குலம். இரண்டு முனையிலும் ஒவ்வோர் அலகு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியது கஷ்டப்பட்டுத் திறக்கிறது, சிறியது அசையவே இல்லை. பிடி பழைய பியானோக் கட்டை மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டு நுனியிலும் வெள்ளி மாதிரி ஓர் உலோகம். பெரிய அலகின் அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். மேலே ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து, நடுவில் கிரீடம். அலகு முழுக்கக் கருப்பாக இருக்கிறது, அங்கங்கே சிவப்புத் துரு.

வீட்டில் ஆளுக்கு ஒரு கதை. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது என்கிறார் அத்தை, கண்டியில் கடையில் காசு கொடுத்து வாங்கியது என்கிறார் அப்பா. மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார், "கொண்டா, பஃபிங் சக்கரத்தில் போட்டு கண்ணாடியாக்கித் தருகிறேன்" என்று தினமும் போன் செய்கிறார். பாட்டி இடைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்திருக்கிறார் போல, திறக்கும் இடத்தில் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

என் கேள்விகள் இவைதான். மாமாவிடம் கொடுக்கலாமா? பிடி தந்தமா? தந்தம் என்றால் வைத்திருப்பதில் சிக்கல் வருமா? எந்தக் காலத்துக் கத்தி என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், இது மாதிரிப் பழைய மடக்குக்கத்திகளைச் சேர்க்க ஆசை வந்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

---

சாணைக்கல்

தம்பி, முதல் வேலையாக மாமாவுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அன்பாகத்தான் கேட்கிறார், ஆனால் பஃபிங் சக்கரம் அந்தக் கத்தியை அரை நிமிடத்தில் கொன்றுவிடும். ஏன் என்று சொல்கிறேன். முத்திரை அலகின் அடியில் ஒரு தாள் கனத்துக்குத்தான் பதிந்திருக்கும், சக்கரம் பட்டால் முதலில் மழுங்குவது அதுதான். முத்திரை மங்கினால் கத்தியின் பெயரும் காலமும் போயிற்று. இரண்டாவது, அந்த மெல்லிய எஃகு சட்டென்று சூடேறும். நீல நிறம் கண்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் கூர் நிற்காது. மூன்றாவது, பிடியும் உலோக முனையும் சேரும் இடத்தில் விளிம்புகள் உருண்டுவிடும். பழைய கத்தி பார்த்துப் பழகியவர்கள் அந்த விளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள்.

நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலில் வோஸ்டன்ஹோம் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கத்தி ஒன்று கிடைத்தது, கடமான் கொம்புப் பிடி, ஐ, எக்ஸ், எல் என்ற முத்திரை பளிச்சென்று இருந்தது. கூர் இல்லையே என்று தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் அரிவாள்மனைக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் கொடுத்தார். அலகில் கால்வாசி போயிற்று. மடக்கினால் நுனி பிடிக்குள் உட்காராமல் வெளியே எட்டிப் பார்க்கிறது, பைக்குள் போட முடியவில்லை. அந்தக் கத்தியை இன்னும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

சரி, உங்கள் கத்திக்கு வருவோம். கருப்பு வேறு, துரு வேறு. கருப்பும் சாம்பலுமாகப் படிந்திருப்பது கார்பன் எஃகு காலத்தோடு சேர்த்துக்கொண்ட மேல்தோல், அது எஃகைக் காப்பாற்றும், அதைத் தொடவே வேண்டாம். சிவப்பாக, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டுகிறதே, அதுதான் எதிரி. அதை மட்டும் எடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயை முதலில் வெளியேற்றுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்து, அழுக்கைச் சேர்த்துக்கொண்டு பசை மாதிரி ஆகியிருக்கும், சிறிய அலகு அசையாததற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். கொஞ்ச நேரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுங்கள், உடம்புச் சூட்டுக்கே இளகும். அடுப்புப் பக்கமோ வெந்நீர்ப் பக்கமோ கொண்டு போகக்கூடாது. இளகியதும் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு அந்த மூட்டில் விட்டு, ஒரு ராத்திரி நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு மறுபடி இரண்டு சொட்டு. மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. அலகில் நகம் வைக்கிற குழி இருக்கிறதல்லவா, அதில் நகம் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். குறடு மட்டும் போடக்கூடாது. குறடு போட்டால் ஒன்று அலகு உடையும், இல்லை அதன் பல் தடம் நிரந்தரமாக நிற்கும்.

திறந்ததும் உள்ளே பாருங்கள், பித்தளைத் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு, பாக்குத் தூள், பென்சில் சீவல் எல்லாம் அடைந்திருக்கும். மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி அதனால் கிளறி எடுங்கள், இரும்பு ஊசி வேண்டாம். சிவப்புத் துருவுக்கு இருப்பதிலேயே மெல்லிய ஸ்டீல் வூல், கடையில் நான்கு பூஜ்யம் என்று கேட்டால் தருவார்கள், அதை எண்ணெயில் நனைத்து அலகின் நீளவாக்கில் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். முத்திரைக்கு அரை அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

காலத்துக்கு வருவோம். நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் ராட்ஜர்ஸ் குடும்பம் 1764இல், இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்ட் ஊரின் கத்திக்காரர் சங்கத்திடமிருந்து பெற்ற முத்திரை. நான்காம் ஜார்ஜ் காலத்தில், 1822இல், அரசருக்குக் கத்தி செய்து கொடுக்கும் உரிமை கிடைத்தது, அதிலிருந்து அரசரின் எழுத்துகளையும் கிரீடத்தையும் அலகில் அடித்தார்கள். வி, ஆர் இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. இ, ஆர் என்றால் பெரும்பாலும் 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வர்ட். ஜி, ஆர் என்றால் ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ், 1910க்கும் 1952க்கும் இடையில். நான்காம் ஜார்ஜும் ஜி, ஆர்தான், ஆனால் அவ்வளவு பழைய கத்தியின் அமைப்பே வேறாக இருக்கும். உங்கள் தாத்தா வேலை பார்த்த காலத்தோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அலகில் ஸ்டெயின்லெஸ் என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். அந்த எஃகை ஹாரி பிரியர்லி என்பவர் அதே ஷெஃபீல்டில் 1913இல்தான் உருக்கினார், அந்தச் சொல் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பே இல்லை. கருத்துப் போயிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது கார்பன் எஃகுதான்.

ராட்ஜர்ஸ் என்ற பெயரில் ஆங்கில டி எழுத்து இருக்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் அந்தக் காலத்திலேயே எழுத்தை லேசாக மாற்றிப் போலி அடித்து விற்றார்கள்.

---

பட்டறைமணி

எல்லாப் பழைய கத்தியையும் மியூசியத்தில் வைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேலை செய்கிற பொருள் அது, சுத்தமாகப் பளபளவென்று இருந்தால்தான் எடுத்துப் பயன்படுத்தத் தோன்றும். நான் கையாலேயே பாலிஷ் போட்டு மூன்று கத்தியைத் தினசரிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன், ஒன்றும் கெட்டுவிடவில்லை. சக்கரம் வேண்டாம் என்பதில் மட்டும் சாணைக்கல் அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

---

சாணைக்கல்

மணி, நீங்கள் கையால் செய்தது உங்கள் கத்தி, உங்கள் விருப்பம். முத்திரை தேய்ந்த, கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைத்த கத்தி என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். இது ஒரே கையில் இருந்து வந்த கத்தி, முத்திரை முழுசாக இருக்கிறது. கருப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்ததைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அதனால்தான் அவசரப்படாதே என்கிறேன்.

---

வடமராட்சியான்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட ஊரில் இதற்கு வில்லுக்கத்தி என்று பெயர். பேனாக்கத்தி என்று படித்த ஆட்கள் சொல்வார்கள், ஆனால் அப்பு எப்போதும் வில்லுக்கத்தி என்றுதான் கேட்பார். நல்ல பெயர் அது. பிடியின் முதுகில் நீளமாக ஒரு எஃகுப் பட்டை கிடக்கிறதே, அதுதான் வில்லு. பூட்டு ஒன்றும் கிடையாது, அந்த வில்லு அலகின் அடியை அழுத்திக்கொண்டிருப்பதால்தான் திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடினபடியும் நிற்கிறது. பேனாக்கத்தி என்ற பெயரும் காரணப் பெயர்தான், இறகுப் பேனா காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி.

நான் இப்போது இருக்கிறது இங்கிலாந்தில், ஷெஃபீல்டுக்கு ஒரு மணித்தியாலப் பயணம். இரண்டு தரம் போய் வந்திருக்கிறேன். கெல்ஹாம் தீவு மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அங்கே ‘லிட்டில் மெஸ்டர்’ என்று சொல்லப்பட்ட சின்னச் சின்னக் கைவினைக்காரர்களின் பட்டறைகளை வைத்திருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு சன்னல், ஒரு மேசை, அவ்வளவுதான். பெரிய பெயர் போட்ட கத்திகளிலும் கனக்க வேலை இப்படித் தனித்தனி ஆட்களின் கையால் நடந்ததுதான். ஒருவர் அலகு அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், இன்னொருவர் வில்லையும் தகட்டையும் பிடியையும் பொருத்தி முடிப்பார். ஸ்டான் ஷா என்ற பெரிய கலைஞர் பதினாலு வயதில் இந்த வேலைக்குப் போனவர், 2021இல் 94 வயதில் காலமானார். அவர் செய்த கத்திகளின் படத்தைத் தேடிப் பாருங்கள், முத்துச்சிப்பிப் பிடியும் வில்லின் முதுகில் அரத்தால் போட்ட வேலையும் நகை மாதிரி இருக்கும்.

சாணை பிடித்த ஆட்களின் கதை வேறு. கல்லில் இருந்து பறக்கிற தூசியும் எஃகுத் தூளும் நெஞ்சுக்குள் போய், இளம் வயதிலேயே மூச்சு வியாதியில் செத்தவர்கள் அங்கே ஏராளம். ஒரு பழைய ஷெஃபீல்ட் அலகைக் கையில் எடுக்கும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் போவதில்லை.

கத்திக்காரர் சங்கம் 1624இல் தொடங்கியது, இன்றைக்கும் இருக்கிறது. சின்னப் பட்டறைகள் ஒன்றிரண்டு இன்னும் பழைய முறையில் மடக்குக்கத்தி செய்கின்றன. நான் ஏ. ரைட் அண்ட் சன் பட்டறையின் லேம்ப்ஃபுட் கத்தி ஒன்று வாங்கினேன். ஆட்டுக்குட்டியின் குளம்பு மாதிரி அமைப்பு, வெட்டும் பக்கம் நேர்கோடு, முதுகு நுனியை நோக்கிச் சரிந்து வரும். அப்பிள் சீவ, கடுதாசி பிரிக்க, தோட்டத்தில் ரோசாக் கொப்பு வெட்ட அதுதான். இங்கே சட்டப்படி அலகின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் கேட்காமல் வெளியே கொண்டுபோக விடுவார்கள், பழைய வில்லுக்கத்திகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

தம்பி, அட்டன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையில் ராட்ஜர்ஸ் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கொழும்பு, கண்டிக் கடைகளுக்கு ஷெஃபீல்ட் சாமான் நிறைய வந்த காலம் அது. அத்தை சொல்வதும் நடந்திருக்கலாம், அப்பா சொல்வதும் நடந்திருக்கலாம். இரண்டு கதையையும் யார் சொன்னது என்று போட்டு எழுதி, கத்தியோடு சேர்த்து வையுங்கள். என்னுடைய அப்புவின் கத்தி இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. பிடி கருப்பு என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. முத்திரை என்ன என்று கேட்டு வைக்க அப்போது புத்தி வரவில்லை.

---

மதுரை ரவி

எல்லோரும் அலகைப் பற்றியே பேசுகிறீர்கள், பிடியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கோத்தகிரிப் பேரன், தயவு செய்து சூடான ஊசியை வைத்துப் பார்க்கிற சோதனை எதையும் செய்துவிடாதீர்கள். வீடியோக்களில் சொல்கிறார்கள், மிகவும் ஆபத்து. தந்தம் மாதிரித் தெரிகிற பிடி பல சமயம் செல்லுலாய்டாக இருக்கும், அது நைட்ரேட் சரக்கு, பழைய சினிமா பிலிம் எப்படிப் பற்றி எரிந்ததோ அதே மாதிரி எரியும். அதனால்தான் அடுப்புப் பக்கம் போகாதே என்று சாணைக்கல் அண்ணன் சொன்னதை நான் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன்.

நெருப்பில்லாமல் கண்டுபிடிக்கலாம். நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸ், நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே அது, அதை வைத்துப் பாருங்கள். எலும்பு என்றால் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளோ குட்டிக் கோடுகளோ தெரியும், மாட்டுக்கு ரத்தம் ஓடிய குழாய்களின் வாய் அது, காலப்போக்கில் அழுக்கு ஏறிக் கருத்திருக்கும். யானைத் தந்தத்தில் அந்தப் புள்ளிகள் இருக்காது, குறுக்கே வெட்டிய முனையில் இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோடுகள் தெரியும். ஆனால் கத்திப் பிடி மெல்லிய தகடு, அந்த முனை உலோகத்துக்குள் ஒளிந்திருந்தால் பார்ப்பது கஷ்டம். செல்லுலாய்டில் புள்ளியும் இருக்காது, கோடு இருந்தாலும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே சீராக ஓடும். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து மோந்து பாருங்கள், கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டேதான். அதைச் செய்ய கற்பூரம்தான் சேர்த்தார்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், செல்லுலாய்டு வயதாகிக் கெட ஆரம்பித்தால் அமில வாயு விடும். நான் ஒரு மரப்பெட்டியில் பதினோரு கத்திகளை வரிசையாக வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கத் திறக்கவில்லை. திறந்தபோது நடுவில் இருந்த ஆமையோடு நிறச் செல்லுலாய்டுக் கத்தியின் பிடி சுருங்கி, ஆணி இருந்த இடமெல்லாம் வெடிப்பு விட்டிருந்தது. அதன் பித்தளைத் தகடு பச்சையாகப் பூத்து, அலகு செம்மண்ணில் புதைத்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதோடு போகவில்லை, இரண்டு பக்கமும் பக்கத்தில் இருந்த நல்ல எலும்புப் பிடிக் கத்திகள் இரண்டிலும் துரு. தூர ஓரத்தில் இருந்தவை தப்பித்தன. அன்றிலிருந்து செல்லுலாய்டு கத்திகளைத் தனியாக, காற்றோட்டமாக, மற்றவற்றிலிருந்து தள்ளித்தான் வைக்கிறேன்.

தோல் உறையிலும் போட்டு மூடி வைக்கக்கூடாது. தோல் பதனிட்ட சரக்கும் ஈரமும் சேர்ந்து பித்தளையைப் பச்சையாக்கும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பக்கத்தில் போட்டு வைத்தால் போதும்.

தந்தமாகவே இருந்தால், இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது, அதனால் விற்கவோ வாங்கவோ நினைக்க வேண்டாம். பிரிட்டனிலும் 2022 ஜூனிலிருந்து சில விலக்குகளைத் தவிர தந்தப் பொருள் விற்பனைக்குத் தடை. வீட்டில் வைத்திருப்பது பற்றி வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், அந்த வேலையே தேவைப்படாமல் போகலாம்.

---

கோத்தகிரிப் பேரன்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு, ஆனால் மெல்லிய ஸ்டீல் வூல் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

ரவி அண்ணா, பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பனிடம் லென்ஸ் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிடி முழுக்க ஊசி குத்திய மாதிரி பழுப்புப் புள்ளிகள், சில இடத்தில் எள்ளு அளவுக் கோடுகள். தேய்த்து மோந்தால் ஒரு வாசமும் இல்லை. எலும்புதான் என்று நினைக்கிறேன், மனசு லேசாகிவிட்டது.

டி எழுத்து இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்று எங்கும் இல்லை. எண்ணெய் விட்டு இன்று இரண்டாவது நாள், சிறிய அலகு ஒரு நூல் அளவு அசைகிறது. இழுத்தேன், வரவில்லை, விட்டுவிட்டேன்.

வடமராட்சியான் அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரி அத்தையின் கதையையும் அப்பாவின் கதையையும் தனித்தனியாக எழுதிவிட்டேன். எழுதும்போது பாட்டி மூன்றாவதாக ஒன்று சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் முன் தாத்தா இந்தக் கத்தியால் பென்சில் சீவிக்கொண்டுதான் கிளம்புவாராம், பேர் போட அவருக்குக் கூர்மையான பென்சில் வேண்டுமாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பென்சிலைக் கொண்டுவந்தாலும் சீவிக் கொடுப்பாராம். எப்போதும் சின்ன அலகால்தான், பெரியதைப் பழத்துக்கு மட்டும்தான் எடுப்பாராம்.

---

பிட்ஸ்பர்க் குமரன்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் நான் சொல்கிறேன். ஆரம்பத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கினேன், இரண்டு வருடத்தில் நாற்பது கத்தி சேர்ந்தது, ஒன்றைப் பற்றியும் ஒழுங்காகத் தெரியாது. அப்புறம் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு ஒரு கம்பெனி, ஒரு காலம் என்று சுருக்கினேன். அதற்குப் பிறகுதான் கண் திறந்தது.

நான் இருப்பது பென்சில்வேனியா, இங்கே பிராட்ஃபோர்ட் என்ற ஊரில் கேஸ் கத்திகள் செய்கிறார்கள். அவர்களுடைய அலகின் அடியில் 1970இலிருந்து புள்ளிகள் வைத்தார்கள். முதல் வருடம் பத்துப் புள்ளி, அப்புறம் வருடத்துக்கு ஒன்று குறைத்துக்கொண்டே போனார்கள். எண்ணிப் பார்த்தால் எந்த வருடத்துக் கத்தி என்று தெரிந்துவிடும். மாதிரி எண்ணிலும் விஷயம் இருக்கிறது. 6318 என்றால் 6 என்பது வரி வெட்டிய எலும்புப் பிடி, 3 என்பது மூன்று அலகு, 18 என்பது அமைப்பு. இதைப் படிக்கப் பழகிய பிறகு சந்தையில் ஒரு கத்தியைக் கையில் எடுத்தால் அதுவே தன்னைப் பற்றிச் சொல்லும்.

உங்களுக்குக் கையில் ராட்ஜர்ஸ் இருக்கிறது, அதையே நூல் பிடித்துக்கொண்டு போகலாம், ஷெஃபீல்ட் இரட்டை அலகுப் பேனாக்கத்திகள் மட்டும் என்று. மெதுவாகத்தான் கிடைக்கும், அது நல்லதுதான். வாங்கும்போது நான்கு விஷயம் பார்ப்பேன்: முத்திரை படிக்க முடிகிறதா, அலகு சாணையில் தேய்ந்து மெலிந்திருக்கிறதா, மடக்கினால் நுனி உள்ளே அமர்கிறதா, திறந்து மூடும்போது வில்லு ‘ட்டக்’ என்று அடிக்கிறதா. அந்தச் சத்தம் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால், எவ்வளவு அழகான பிடியாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பழைய கத்தியைத் தினமும் பயன்படுத்தப் பயமாக இருந்தால், அதற்கென்று புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய ஒபினெல் கத்தி இருக்கிறது. 8ஆம் எண் அளவு கைக்கு வாகாக இருக்கும், அலகு எட்டரை சென்டிமீட்டர். கழுத்தில் திருகுகிற வளையப் பூட்டு 1955இல் சேர்த்தது. கார்பன் அலகை வாங்கி ஒரு மாங்காய் நறுக்கிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் நீலமும் சாம்பலுமாக நிறம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாணைக்கல் அண்ணன் மேல்தோல் என்றாரே, அது எப்படி வருகிறது என்று அப்போது புரியும். மழைக்காலத்தில் மட்டும் மரப்பிடி உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும், கோத்தகிரியில் கட்டாயம் நடக்கும். பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், பிடித்து இழுத்துவிடலாம்.

இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் ஜப்பானில் மிகி நகரத்து ஹிகோனோகாமி. அதில் வில்லே கிடையாது, மடித்த பித்தளைத் தகட்டுப் பிடியின் இறுக்கத்திலேயே நிற்கும், கட்டைவிரலால் ஒரு சின்ன வாலை அமுக்கிக்கொண்டு வெட்ட வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி அது, உங்கள் பாட்டி சொன்னதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

---

சாணைக்கல்

குமரன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். சிறிய அலகு திறந்ததும் தம்பி அதன் நீளத்தைப் பாருங்கள். பென்சில் சீவிச் சீவி, வீட்டிலேயே கல்லில் தீட்டித் தீட்டி அது நிச்சயம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். சந்தையில் வாங்குகிறவன் அதைக் குறை என்று விலை குறைப்பான். நீங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தத் தேய்மானம் உங்கள் தாத்தா செய்தது. கூர் தேவைப்பட்டால் எண்ணெய்க் கல்லில், கல்லோடு கிட்டத்தட்டப் படுக்கிற மாதிரிச் சாய்த்து வைத்து, ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம்.

---

கோத்தகிரிப் பேரன்

ஐந்தாவது நாள் திறந்துவிட்டது! எண்ணெயைத் துடைத்துவிட்டு நகக்குழியில் நகம் வைத்தேன், முதலில் கரகரவென்று வந்தது, பாதியில் ஒரு தடை, அப்புறம் ட்டக். வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. மூங்கில் சிம்பால் கிளறியபோது உள்ளேயிருந்து கருப்புப் பொடி வந்தது, காகிதத்தில் தேய்த்துப் பார்த்தால் கோடு விழுகிறது. பென்சில் கரிதான்.

சின்ன அலகில் நம்பர் 6 நார்ஃபோக் தெரு என்று விலாசம் இருக்கிறது, தெளிவாகப் படிக்க முடிகிறது. சாணைக்கல் அண்ணன் சொன்னது அப்படியே, நுனிப்பக்கம் அலகு மெலிந்து உள்வாங்கியிருக்கிறது, பெரியது கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. பாட்டியிடம் காட்டினேன். கையில் வாங்கி இரண்டு தரம் திறந்து மூடினார், சத்தம் இதுதான் என்றார்.

சிவப்புத் துரு முக்கால்வாசி போய்விட்டது, கருப்பைத் தொடவில்லை. முத்திரைப் பக்கம் போகவில்லை. அப்புறம், அத்தையிடம் போனில் சொன்னபோது அவர் மாமனார் வைத்திருந்த கத்தி ஒன்று வால்பாறை வீட்டில் கிடக்கிறது, மான்கொம்புப் பிடி, ஒரே அலகு என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நகைக்கடை லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். முத்திரையைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.